கெட்டம்பையில் வெட்டிய தண்ணீர்

ஆவணி பிறந்தால் எங்கள் வீட்டில் வெருகல் முருகன் கோயில் பேச்சுத்தான். இந்த முறையும் தீர்த்தத்துக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு விடிய முன்னமே திருகோணமலையிலிருந்து வெளிக்கிட்டோம். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் அம்மா வழக்கம்போல, பாதைக்கு, அதாவது ஆற்றைக் கடக்கும் மிதவைப் படகுக்கு, காத்து நின்ற காலத்தைத் தொடங்கிவிட்டார். 2009 இல் பாலம் திறந்த பிறகு அந்த 396 மீற்றரை ஒரு கதை முடிய முன் கடந்துவிடலாம், அதில் அவருக்குக் கொஞ்சம் மனக்குறை. அலைச்சல் இல்லாமல் போனால் நேர்த்தி சேராதாம்.

சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் வெருகல் ஆறு மாவலி கங்கையின் ஒரு கிளை. நான் பேராதனையில் படித்த நாலு வருடமும் இதே ஆற்றைத்தான் தினமும் பார்த்தேன். அங்கே மலையிலிருந்து வந்த குளிர் மாறாமல், பாறையில் மோதிச் சத்தம் போட்டுக்கொண்டு போகும். 1815 வரை தலைநகராக இருந்த கண்டியைச் சுற்றி வளைந்து, பிறகு பொல்கொல்லையில் பாதி வயலுக்கென்று திரும்பி, விக்டோரியா அணையில் தேங்கி, 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் சேருகிறது. எங்களிடம் வரும்போது செம்மண் நிறம், சத்தமே இல்லை. முதலை உண்டு, அதனால் தீர்த்தத்தன்றும் யாரும் தூரம் போவதில்லை.

கண்டிப் பெரஹெரா ஊர்வலம் முடிந்ததும், பேராதனைக்குப் பக்கத்தில் இதே ஆற்றங்கரையில் உள்ள கெட்டம்பையில் நீர் வெட்டுவார்கள். கண்டியில் நான்கு தெய்வங்களுக்குள்ள தேவாலயங்களின் கப்புறாளைமார், அதாவது பூசாரிமார், வாளால் ஆற்றை வெட்டி, அந்த இடத்துத் தண்ணீரைக் குடத்தில் எடுத்து, அடுத்த வருடம் வரை வைத்திருப்பார்கள். அந்த நான்கில் ஒன்று கதிர்காமத் தெய்வத்தினுடையது. படிக்கும் காலத்தில் அதை ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்தேன்.

சுவாமி தீர்த்தமாடியதும் சனம் அரோகரா என்று இறங்கியது. களிமண் வழுக்கியதால் நான் பெருவிரலை ஊன்றி அம்மாவின் கையைப் பிடித்து நின்றேன். மூன்று முறை முங்கி எழும்பியவர் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு சோடாப் போத்தலை அவிழ்த்தார். போன வருடத் தண்ணீர், சாமிப்படத்தடியில் இருந்தது. அதை ஆற்றிலேயே ஊற்றிவிட்டு, போத்தலை அலசிப் புதிதாக நிரப்பினார். எனக்குச் சட்டென்று கெட்டம்பை ஞாபகம் வந்தது, கரையேறும்போது சொன்னேன்.

"அங்கயும் முருகன்தானே, வேறென்ன செய்வாங்க" என்றவர், மூடி இறுகிவிட்டதா என்று போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார்.