சாரணர் படையோடு கே.ஆர்.பி. அணைக்குச் சைக்கிளில்: அனுமதிக் கடிதம் முதல் காட்டர் பின் வரை

எங்கள் பள்ளிச் சாரண சாரணியரை கிருஷ்ணகிரியிலிருந்து, தென்பெண்ணை ஆற்றில் கட்டிய கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணைக்குச் சைக்கிளில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். 24 பிள்ளைகள், மூன்று அணி, யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் பயணம் நடக்காமலே போக இருந்தது. அதற்குக் காரணம் சாலையும் இல்லை, வண்டியும் இல்லை, ஒரு கடிதம். இதே வேலையில் இறங்கப்போகும் சாரண ஆசிரியர்களுக்காக அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அனுமதி கேட்கிற கடிதத்துக்குக் கல்வித்துறை அலுவலகத்தில் ஒரு மாதிரி கொடுத்தார்கள். அதில் பயணத் தேதிக்கு ஒரே ஒரு இடம்தான். அதன்படியே எழுதி, தலைமை ஆசிரியரின் முகப்புக் கடிதத்தோடு கொண்டுபோனால், "உரிய வழியாகன்னு மேல போடலியே சார்" என்று திருப்பிவிட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு போனால், பெற்றோர் ஒப்புதல் அத்தனைக்கும் நகல் இணைக்கச் சொன்னார்கள். இணைத்துக்கொண்டு போனபோது, "ஐயா கேம்ப் போயிருக்காரு, திங்கக்கிழமை வாங்க" என்றார்கள். இணைப்பு என்னென்ன வேண்டும் என்று முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. பிள்ளைகளுக்காக ஓடுகிறவரை இப்படிப் படியேற விடுவது சரியில்லை.

அனுமதி கைக்கு வந்த வாரம் தென்பெண்ணையில் வெள்ளம். அணையிலிருந்து உபரி நீர் திறந்தால் கிருஷ்ணகிரியில் தொடங்கி கடலூர் வரை ஐந்து மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போகும். அணைப் பூங்காவுக்குள் போகிற தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறிவிடும், ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். தேதியை மாற்றக் கேட்டால், அந்தத் தேதிக்குத்தான் அனுமதி, வேறு தேதி என்றால் புதுக் கடிதம், புது இணைப்பு, எல்லாம் முதலிலிருந்து என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே கடிதத்திலேயே இரண்டு தேதி எழுதுங்கள்: "மழை அல்லது நீர்திறப்பு இருப்பின் மாற்றுத் தேதி இது" என்று ஒரு வரி போதும். எங்கள் இரண்டாவது கடிதம் அந்த வரியோடுதான் போனது, மறுபேச்சில்லாமல் கையெழுத்தானது. பெற்றோர் ஒப்புதல் படிவத்திலும் இரண்டு தேதியும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கையெழுத்தும் செல்லாது என்பார்கள். கடிதத்தைக் கொடுத்த அன்றே தபால் பிரிவில் ந.க. எண்ணை, அதாவது கோப்பு எண்ணை, கேட்டு வாங்கி, உங்கள் நகலில் எழுதி வையுங்கள். எண் கையில் இல்லாமல் போய்க் கேட்டால் கோப்பைத் தேடுவதிலேயே பொழுது போய்விடும். காவல் நிலையத்துக்குக் கொடுத்த தகவல் கடிதம் எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது.

ஒப்புதல் படிவத்தில் ரத்த வகை, ஒவ்வாமை, ஆஸ்துமா அல்லது வலிப்பு உண்டா, அவசரத்துக்கு இரண்டு கைபேசி எண்கள் ஆகியவற்றோடு, "அணையிலோ ஆற்றிலோ கால்வாயிலோ தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை" என்பதையும் அச்சடித்தே கொடுத்தோம். நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் இதே விதிதான். நான்கைந்து பெரியவர்கள் 24 பேரைக் கரையில் நின்று காப்பாற்றிவிட முடியாது.

இனி வழி. பிள்ளைகள் முதலில் கேட்டது ஒகேனக்கல். தர்மபுரியிலிருந்தே 46 கி.மீ., பென்னாகரம் தாண்டினால் காட்டுக்குள் இறங்குகிற மலைப்பாதை. சாதாரண சைக்கிளின் பிரேக் கட்டை ரிம்மைப் பிடித்து நிறுத்துவது. நீண்ட இறக்கத்தில் அது சூடேறித் தேயும், கை வலித்துப் பிடி தளரும். திரும்பும்போது அத்தனையும் ஏற்றம், கியர் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். 12, 13 வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே போகவே கூடாது.

கே.ஆர்.பி. அணை நகரிலிருந்து ஏறத்தாழ 8 கி.மீ., புறப்படும் இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும். ஒரு சிக்கல் சேலம் நாலுவழிச் சாலை. சர்வீஸ் ரோட்டில் போனால் லாரித் தொல்லை குறைவு, ஆனால் எதிர்த்திசையில் வருகிற பைக்குகள் அதிகம். சாலையைக் கடக்க அடிப்பாலம் இருக்கிற இடத்தையே பயன்படுத்துங்கள், நடுத்தடுப்பில் யாரோ உடைத்து வைத்த சந்துக்குள் நுழையவே கூடாது. எங்கே கடந்தாலும் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு, ஒரு அணி முழுதாகக் கடந்த பிறகுதான் அடுத்த அணி. வழியைப் பார்க்கப் போகும்போது பயணம் நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில், சைக்கிளிலேயே போய்ப் பாருங்கள். காரில் போனால் தார் முடியும் இடத்தில் இருக்கிற இரண்டு அங்குலப் பள்ளமும் ஓரத்து ஜல்லியும் கண்ணில் படாது.

மாம்பழ சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்துச் சாலைகளில் மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டரும் லாரியும் நிறைந்திருக்கும். சித்திரை வெயில் பேச்சுக்கே இடமில்லை. தை, மாசிதான் நல்ல காலம். ஆனால் தையில் காலைப் பனி மூட்டம் விலகும் வரை காத்திருந்து கிளம்ப வேண்டும்.

வண்டிச் சோதனைக்கு வருவோம், அதிக வேலை இதில்தான். பாதிப் பிள்ளைகள் கொண்டுவருவது சொந்த வண்டி அல்ல, பதினொன்றாம் வகுப்பில் அண்ணனுக்கோ அக்காவுக்கோ அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு கால் விரல்களும் தரையில் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் சீட்டை முழுக்க இறக்குங்கள், அப்படியும் எட்டவில்லை என்றால் வேறு வண்டிதான். நெரிசலில் திடீரென்று நிற்க நேர்ந்தால் கால் எட்டாத பிள்ளை சாலைப் பக்கமாகத்தான் சாயும்.

சோதனையை ஒரு வாரம் முன்பே வைத்துவிட வேண்டும். முந்தின நாள் வைத்தால் பழுது பார்க்க நேரம் இருக்காது. பிரேக் பிடியை முழுக்க அழுத்தினால் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் தொங்கினால் ஏற்றத்தில் கழன்றுவிடும். இரண்டு பெடல் தண்டையும் ஒரே நேரத்தில் எதிரெதிராகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 'டொக்' என்று தட்டினால், பெடல் தண்டை அச்சோடு இறுக்கிப் பிடிக்கிற ஆணியான காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதே இல்லை. அப்படியே ஓட்டினால் பின் தேய்ந்து, நடுவழியில் பெடல் தண்டு சுழலும், அதைச் சாலையோரத்தில் சரிசெய்வது மிகச் சிரமம். எங்கள் சோதனையில் இந்தக் குறை இருந்த வண்டிகள் கணிசம். கடைக்காரரையே பள்ளிக்கு வரவழைத்து மொத்தமாகப் பின் மாற்றியது இந்தப் பயணத்தில் செய்த நல்ல காரியம்.

இரவில் காற்று இறங்கியிருந்தால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்ட வேண்டாம். பழைய வகை வால்வில் உள்ளே இருக்கிற சிறு ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் அதுதான். ஒரு முழம் வால்வ் டியூப் வாங்கி வைத்தால் படை முழுவதற்கும் போதும்.

பஞ்சர் பெட்டியில் ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், டயர் நெம்பி, பம்பு, இரண்டு வேறு அளவு டியூப், செயின் லாக், ஸ்பேனர், பழைய துணி. பின்சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டலாம். சொல்யூஷன் தடவியதும் அவசரப்பட்டு ஒட்டினால் நிற்காது, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும். டியூபைத் திரும்ப நுழைப்பதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். சீமைக்கருவேல முள் முறிந்து உள்ளேயே நின்றிருக்கும், எடுக்காவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர். முள்ளுக்கு அஞ்சித்தான் ஓய்வுக்கு நிற்கும்போது வண்டிகளை மண்ணில் இறக்க விடாமல் தார் ஓரத்திலேயே சாத்தச் சொன்னோம். ஒரு குட்டியானை வேனில் உபரி சைக்கிள் இரண்டு ஏற்றி வந்தது பெரிய நிம்மதி. பழுதான வண்டியை ஏற்றிவிட்டு வேறு வண்டியைக் கொடுத்தால் அணி முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஓட்டும் வரிசை இப்படி: அணிக்கு 8 பேர், ஒற்றை வரிசை, முன்னால் அணித்தலைவர், அவருக்கு நேர் பின்னால் அணியிலேயே மெதுவாக மிதிப்பவர், கடைசியில் உதவி அணித்தலைவர். மெதுவானவரைக் கடைசியில் விட்டால் வரிசை நீண்டு அறுந்துபோகும், அவரும் பின்தங்கிய பதற்றத்தில் தலை குனிந்து மிதிப்பார். வண்டிக்கும் வண்டிக்கும் இரண்டு சைக்கிள் நீளம், இறக்கத்தில் அதற்கு இரண்டு மடங்கு. அணிக்கும் அணிக்கும் 100 மீட்டர் விட்டால் பேருந்து முந்திப் போய் இடையில் ஒதுங்க இடம் கிடைக்கும். இந்த வரிசையில் மணிக்கு 10 கி.மீ. என்று கணக்கு வையுங்கள், அதற்கு மேல் திட்டமிட்டால் ஏமாற்றம்தான்.

சாரணர் விசில் சைகைகள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், சாலையில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீளமாக ஒன்று என்றால் ஓரங்கட்டி நில். குட்டையாக அடுத்தடுத்து என்றால் கூடு. குட்டையும் நீளமும் மாறி மாறி என்றால் ஆபத்து. சாரணியர் துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வரட்டும், பேண்ட் போட்டவர்கள் வலது காலின் கீழ்நுனியைச் செயினில் சிக்காமல் ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளட்டும். கேரியரில் கட்டிய கயிற்றின் நுனி தொங்கினால் ஸ்போக்கில் சுற்றிச் சக்கரம் நின்றுவிடும், கிளம்புவதற்கு முன் அணித்தலைவர் குனிந்து பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், வேனில் இரண்டு கேன் கூடுதல். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். பாட்டிலில் அரைப் பொட்டலம், கால் பொட்டலம் என்று கொட்டிக் கொடுப்பது தவறு.

திரும்பி வந்ததும் பிள்ளைகளை வாசலிலிருந்து அப்படியே கலைந்துபோக விடாதீர்கள். வருகைப் பட்டியலில் பெற்றோர் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். களைத்த காலோடு தனியாக வீட்டுக்கு மிதிக்கும் கடைசி ஒரு கிலோமீட்டர்தான் கவனம் சிதறும் இடம். கையெழுத்தான பட்டியலையும் வழிப்படத்தையும் நகலெடுத்து ஒவ்வொருவர் லாக் புத்தகத்திலும் அன்றே ஒட்டிவிடுங்கள், சைக்கிளிஸ்ட் பேட்ஜுக்குத் தேர்வாளர் கேட்கும்போது காட்டலாம்.