ஏழு நாள் கெடு

2024 ஜூலை 18, வியாழன் (ஆடி 2)

இன்று காலை மூன்று பார்சல்களைத் திருச்சித் தலைமை அஞ்சலகத்தில் ஸ்பீடு போஸ்ட்டில் சேர்த்துவிட்டு வந்தேன். ஒன்றில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835ஆம் ஆண்டுக் காலணா, இரண்டாவதில் விக்டோரியா தலை பொறித்த 1862 ரூபாய், மூன்றாவதில் ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெள்ளி ரூபாய்கள் பத்து. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் எண்ணிக் கொடுப்பதும் எண்ணி வாங்குவதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் கவுன்ட்டரை விட்டு நகர்ந்த பணத்துக்கு வங்கி பொறுப்பேற்காது. இணையத் தளம் ஒன்றின் வழியாக நான் செய்யும் பழங்காசு விற்பனையிலோ, காசு வாங்கியவர் கைக்குப் போன பிறகும், அவர் திருப்பி அனுப்பக்கூடிய ஏழு நாள் வரை அது என் தலையில்தான் இருக்கிறது.

சென்ற தை மாதத்தில் ஒரு 1840 ரூபாயை அனுப்பி, அதே பெட்டியில் இரண்டு ரூபாய்ச் சில்லறை திரும்பி வந்த நாளிலிருந்து, ஒவ்வொரு காசையும் நகைத் தராசில் வைத்து எடை குறித்து, சன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் விளிம்பும் படம் எடுத்து, அதற்கு மட்டுமே உரிய ஒரு வடுவையாவது நோட்டில் எழுதி வைக்காமல் நான் உறையை ஒட்டுவதில்லை. இன்றைய குறிப்பு: காலணா, 6.38 கிராம், சாக்லேட் பழுப்பு, இடப்பக்கச் சிங்கத்தின் பின்காலுக்கு அருகே மெல்லிய கீறல்.

2024 ஜூலை 20, சனி

வாங்குவதற்காக அல்லாமல் கேட்பதற்காக மட்டும் நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன. தன்னிடம் வைஷ்ணவ தேவி உருவம் உள்ள பத்து ரூபாய்க் காசு இருப்பதாகவும், அது பத்து லட்சம் போகும் என்று வீடியோவில் பார்த்ததாகவும் ஒருவர் சொன்னார். அது 2012 என்று ஆண்டு பொறித்துப் புழக்கத்துக்கு விடப்பட்ட நினைவு நாணயம் என்றும், பழைய காசு வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது என்றும் விளக்கியபோது, குறைந்த விலைக்கு அடித்துப் பேசுகிறேன் என்று எண்ணி இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இன்னொருவர் மூச்சைத் தாழ்த்தி, “சார், அரிசியை இழுக்குற காசு இருக்கா?” என்றார். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று, அரிசியை ஈர்க்கும் அபூர்வ உலோகம் என்ற புரட்டை நம்பி வீட்டை அடகு வைத்து ஏமாந்தவர்களைப் பற்றி எத்தனை முறை செய்தித்தாளில் வந்தாலும் இந்தக் கேள்வி நிற்பதில்லை.

மூன்றாமவர் 1818 என்று ஆண்டு போட்ட, அனுமன் உருவமுள்ள கம்பெனி அரையணாவைக் கேட்டார். சென்னை மாகாணத்தின் பகோடா என்னும் பொற்காசில் கம்பெனி பெருமாளையும், அதன் வெள்ளிக் காசில் கோபுரத்தையும் பொறித்தது உண்மைதான். அந்த உண்மைதான் பின்னாளில் யாரோ அடித்துவிட்ட இந்த அனுமன் வில்லைகளுக்குத் துணை நிற்கிறது. அவற்றை நான் விற்பதில்லை. நான்காவது அழைப்பு தவறான எண்.

2024 ஜூலை 22, திங்கள்

போன வாரம் சேலத்துக்குப் போன விக்டோரியா அரை ரூபாய் குறித்து, “வெரி ஃபைன் என்று போட்டுவிட்டுத் தேய்ந்த காசை அனுப்பியிருக்கிறீர்கள்” என்று புகார் வந்திருக்கிறது. இந்தப் புகாரில் பாதி நியாயம் இருக்கிறது என்று எனக்கே தோன்றுகிறது. அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக 1949இல் ஷெல்டன் என்பவர் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்று உலகின் பல நாடுகளில் நாணயத் தரத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். அதில் வெரி ஃபைன் என்பது இருபதிலிருந்து முப்பத்தைந்து வரை, அதாவது நடுத்தரத்துக்கும் கீழே. ‘குட்’ என்றால் தலையின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு. ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து வாங்குபவருக்கு “மிக நன்று” என்று பொருள் படுகிற ஒன்று, தொழிலில் இருப்பவனுக்குப் “பரவாயில்லை” என்றுதான் பொருள் படும்.

இனித் தரக்குறியீட்டோடு, “ராணியின் கூந்தல் இழைகள் காதுக்கு மேலே தேய்ந்துள்ளன” என்பதுபோல் கண்ணுக்குத் தெரிவதைத் தமிழில் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். சேலத்துக்காரர் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டால் காசை வைத்துக்கொள்கிறேன் என்றார், குறைத்துக்கொண்டேன்.

2024 ஜூலை 25, வியாழன்

நேற்று முன்தினம் நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கை. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இருந்த 15 சதவீத இறக்குமதி வரி 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் வெள்ளி விலை சடசடவென இறங்கியது. நகைக்கடைகளில் கூட்டம்; எனக்கோ ஒரு ரிட்டர்ன்.

ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் பத்தையும் வாங்கிய சென்னை அன்பர் இன்று காலை அவற்றைத் திருப்பி அனுப்பக் கோரியிருக்கிறார். காரணம் கேட்கும் இடத்தில் ‘விவரிப்புக்கு மாறான பொருள்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, “வெள்ளியாகத் தெரியவில்லை, ஓசை சரியில்லை” என்று எழுதியிருக்கிறார். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் சட்டப்படியான எடை 11.66 கிராம், அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. ஆகத் தேயாத ஒரு ரூபாயில் ஏறக்குறைய 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். அந்தக் கணக்கைப் போட்டு அன்றைய உலோக விலைக்குச் சற்று மேலே வைத்துத்தான் நான் விற்றேன், அதே கணக்கைப் போட்டுத்தான் அவரும் வாங்கினார். சனிக்கிழமை கைக்குக் கிடைத்த காசுகளின் ஓசை செவ்வாய்க்கிழமை மதியத்துக்குப் பிறகு திடீரென்று கெட்டுப்போனதற்கு என்ன காரணம் என்பதை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் தளத்தின் விதிப்படி பயன் இல்லை. விலை ஏறியிருந்தால் கூடுதல் தொகையை எனக்கு அனுப்பியிருப்பாரா என்று வீட்டில் மனைவி கேட்டாள்; காபி ஆறும்வரை இருவரும் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

2024 ஜூலை 30, செவ்வாய்

கும்பகோணத்துக்குப் போன காலணா திரும்பி வந்தது. காரணம்: ‘போலி. புதிதாக அடிக்கப்பட்டது போல் இருக்கிறது’.

உறையைப் பிரித்ததும் ஒரு கணம் அது என்னுடைய காசுதானா என்றே எனக்கு ஐயம் வந்துவிட்டது. சாக்லேட் பழுப்பு நிறம் முழுதும் போய், அன்று அறுத்த செப்புக் கம்பியைப் போல் இளஞ்சிவப்பாக மின்னியது. தராசில் வைத்தேன்: 6.36. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன்: சிங்கத்தின் பின்காலருகே அதே கீறல். காசின் வெற்றுப் பரப்பு முழுவதும் வட்ட வட்டமாக நுண்ணிய தேய்ப்புக் கோடுகள். மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி’ என்ற ஆங்கில எழுத்துகளின் இடுக்கில், குறிப்பாக ‘பி’யின் வயிற்றுக்குள், கரும்பழுப்பாக ஏதோ உலர்ந்து ஒட்டியிருந்தது. பல் குத்தும் குச்சியின் முனையால் எடுத்துப் பார்த்ததில் நார் தெரிந்தது. புளி.

அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, காசைப் புளி போட்டுத் தேய்த்தீர்களா?” என்றுதான் கேட்டேன். இல்லவே இல்லை என்றவர், சற்று நேரம் கழித்து, “இருங்க சார், அம்மாகிட்ட கேக்கறேன்” என்றார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. ஆடி வெள்ளிக்காக வியாழக்கிழமை குத்துவிளக்கைத் துலக்க எடுத்து வைத்தபோது, பூசை அலமாரியில் அழுக்குப் பிடித்த காசு ஒன்று கிடந்ததாம். சாமியிடத்தில் அழுக்காக எதுவும் இருக்கலாமா என்று அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டாராம். இருபதாம் தேதி கைக்கு வந்த காசைத் தம்பி வைத்த இடம் அந்த அலமாரி. வெள்ளிக்கிழமை வேலைவிட்டு வந்து பார்த்தபோது பளபளவென்று வேறு காசாக இருந்ததால், போலி என்று முடிவுகட்டிப் புகார் கொடுத்திருக்கிறார்.

அழுக்கு என்று அந்த அம்மா நினைத்தது, செப்பின் மேல் காற்றும் கைச்சூடும் சேர்ந்து நூற்றெண்பது ஆண்டுக்கு மேலாகப் போட்ட போர்வை. சேகரிப்பாளர்கள் விலை கொடுப்பது அதற்குத்தான். போனால் திரும்பாது, மறுபடி கறுத்தாலும் தேய்த்த கோடுகள் அடியில் நிற்கும். நானூற்றைம்பதுக்கு விற்ற காசை இனி நூறுக்குக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். அவர் பொய் சொல்லவில்லை, அவர் அம்மா தவறும் செய்யவில்லை, எனினும் நட்டம் என் கணக்கில். “பாதிப் பணம் நான் தரேன் சார்” என்று அவராகவே சொன்னார். அந்தப் பண்புக்காகவே வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் இம்மாதத்துக் கணக்கை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

2024 ஆகஸ்டு 2, வெள்ளி

இன்று என் முறை. ஈரோட்டுக்குப் போன 1862 ரூபாயைத் திருப்பி அனுப்புவதாக வாங்கியவர் எழுதியிருக்கிறார். இம்முறை அவர் சொல்வது முழுக்க முழுக்கச் சரி.

1862 என்று ஆண்டு போட்ட ரூபாய்கள் எல்லாம் அவ்வாண்டில் அடித்தவை அல்ல. பல ஆண்டுகள் அதே தேதியை மாற்றாமலே அடித்தார்கள்; பம்பாய் நாணயச்சாலை மட்டும் பின்பக்கத்தில் மேலும் கீழுமாகச் சிறு புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போய், எந்த ஆண்டில் அடித்தது என்பதற்கு அடையாளம் வைத்தது. 1874இல்தான் ஆண்டை மறுபடி நேராகப் பொறிக்கத் தொடங்கினார்கள். சேகரிப்பவருக்கு வேடிக்கை முழுவதும் அந்தப் புள்ளிகளில்தான். சில எண்ணிக்கைகள் எளிதில் கிடைக்கும், சில கிடைக்கவே கிடைக்காது. நான் புள்ளி என்று எண்ணி விலையைக் கூட்டிய ஒன்று, உண்மையில் ஒரு குழியின் விளிம்பில் எழும்பிய உலோகப் பிசிறு. அவர் அனுப்பிய பெரிதாக்கிய படத்தில் அது புள்ளியைப் போல் உருண்டையாக இல்லை, பிறைபோல் இருக்கிறது. என் கண்ணுக்கு அன்று அது உருண்டையாகத்தான் தெரிந்தது. வேண்டியதைக் கண் பார்த்துக்கொள்ளும் போலும்.

விவரித்ததற்கு மாறாகப் பொருள் இருந்தால் விற்பவர் திரும்ப ஏற்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. விதி இல்லாவிட்டாலும் ஏற்றிருப்பேன் என்று எழுத ஆசைதான். முழுத் தொகையுடன் போக வர ஆன அஞ்சல் செலவையும் அனுப்பி, மன்னிப்பும் கேட்டேன். அவரோ, “இந்தப் புள்ளிக் கணக்கில் ஏமாறாதவர் யார் ஐயா” என்று பதில் எழுதி, தன்னிடம் உள்ள ஏழு 1862களின் படத்தையும் அனுப்பியிருந்தார். இரவு பதினொரு மணிவரை அவற்றின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

2024 ஆகஸ்டு 6, செவ்வாய்

சென்னையிலிருந்து பத்து ரூபாய்கள் வந்து சேர்ந்தன. ஒன்பது என்னுடையவை. பத்தாவது என்னுடையது அல்ல.

ஆண்டு அதே 1919. ஆனால் நான் அனுப்பிய 1919 பம்பாயில் அடித்தது. பின்பக்கம் அடியிலுள்ள தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு சிறு புள்ளி இருக்கும். வந்திருப்பதில் அந்தப் புள்ளி இல்லை, ஆகவே கல்கத்தா. என்னுடையது 11.63 கிராம், மன்னரின் மேலங்கியில் யானை முழு வடிவத்துடன் தெரியும், வந்திருப்பது 11.31, யானை இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் இருக்கிறது. போலி அனுப்பியிருந்தாலாவது கோபப்பட ஒரு தெளிவான காரணம் இருந்திருக்கும். இதுவும் அசல் வெள்ளிதான், இதுவும் 1919தான். சேகரிப்பில் இருந்த தேய்ந்த காசைத் தந்து நல்ல காசை எடுத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவே. உலோக விலைக்குப் பார்த்தால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு கிராம்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்து, தாமரைக்கடியில் அம்புக்குறி போட்டு, எடைச் சீட்டுடன் தளத்துக்கு மேல்முறையீடு செய்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பதில் வந்தது: உறையின் முத்திரை உடையும் முன்பிருந்தே தொடங்கும் காணொளி இல்லாததால் கோரிக்கையை ஏற்க இயலாது, எண்ணிக்கை பத்து, பொருளும் ஒன்றே என்பதால் விசாரணை முடிக்கப்படுகிறது. காணொளி எடுத்தேன்தான், ஆனால் ஒரு கையில் கத்தியும் மறு கையில் போனுமாக முதல் ஒட்டை வெட்டிய பிறகு பொத்தானை அழுத்தியிருக்கிறேன். தாமரைக்கடியில் இருக்கும் ஊசிமுனைப் புள்ளியைப் பற்றி, செருப்பும் சட்டையும் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது? அவர்மீதும் எனக்குக் கோபமில்லை. மாலையில் கைப்பேசியை நிற்கவைக்க முக்காலி ஒன்று வாங்கினேன், முந்நூற்று இருபது ரூபாய்.

2024 ஆகஸ்டு 9, வெள்ளி

மலேசியாவிலிருந்து ஒருவர் 1911 ரூபாய் கேட்டார். மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றிபோல் தோன்றுகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியதால் வெளியீட்டை நிறுத்தி, அடுத்த ஆண்டே யானையைத் திருத்தி அடித்தார்களே, அந்த ரூபாய். நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது என்றேன். பொம்மை என்று எழுதி அனுப்புங்கள் என்றார். மறுத்ததற்கு, வாங்காத காசுக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்.

2024 ஆகஸ்டு 14, புதன்

வந்து சேர்ந்த கல்கத்தா 1919ஐ இன்று விற்பனைக்கு ஏற்றினேன்: “11.31 கிராம். யானை தேய்ந்துவிட்டது. புழங்கிய காசு.” மாலைக்குள் விற்றுவிட்டது. வாங்கியவர் எதையும் கேட்கவில்லை.

கும்பகோணத்துத் தம்பி இன்னொரு 1835 காலணாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். 6.41 கிராம், நல்ல பழுப்பு, ஆண்டின் மூன்றுக்கு மேலே ஒரு பொட்டுப் பச்சை. நாளை சுதந்திர தினம், அஞ்சலகம் இல்லை. நாளை மறுநாள் கடைசி ஆடி வெள்ளி. இன்றே அனுப்பியிருந்தாலும் விளக்கு துலக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்காது என்றாலும், எதற்கு வம்பு என்று சனிக்கிழமை அனுப்பலாம் என உறையை அலமாரியில் வைத்திருக்கிறேன். உறைக்குள் தம்பியின் அம்மாவுக்கென்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதிப் போட்டேன்.