வேலியோரம் தெர்மல் கேமரா: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

ராத்திரியில் நீளமான வேலியைக் காவல் காக்க தெர்மல் கேமராவை மிஞ்ச ஆளில்லை. 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள வெப்பக் கதிரைப் படமாக்குவதால் விளக்கே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு வைத்த ஐஆர் கேமராவில் அந்த வெளிச்சத்தில் பூச்சி பளிச்சிட்டு, சிலந்தி வலை கட்டி, விடிய விடிய பொய் அலாரம் அடிக்குமே, அந்தத் தொல்லை இதில் வெகு குறைவு.

விளம்பரத்தாளில் போட்டிருக்கும் தூரத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 12 மைக்ரான் பிக்சலுடன் 25 மி.மீ. லென்ஸ் என்றால், 500 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 24 செ.மீ. விழும். ஆறடி ஆள் ஏழெட்டுப் பிக்சல் உயரம்தான். யாரோ வருகிறார் என்று தெரியும். யார் என்று தெரியாது. வண்டி நம்பரும் கிட்டத்திலேயே படிக்க வராது. அதற்கெல்லாம், பக்கத்தில் ஒரு சாதாரண பிடிஇசட் கேமரா (எல்லாப் பக்கமும் திரும்பி ஜூம் செய்யும் கேமரா) கட்டாயம் வேண்டும்: தெர்மல் அலாரம் கொடுக்க, அது திரும்பி ஜூம் செய்து படம் பிடிக்கட்டும்.

கோடை மதியத்தில் தரை 35 டிகிரியைத் தாண்டும்போது உடம்பும் பின்னணியும் ஒன்றாகிவிடும், ஆள் மங்கிப்போவார். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. கண்ணாடி இந்தக் கதிரை விடாது. லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்வதும், விலை எகிறுவதும் அதனால்தான். அவ்வப்போது "டக்" என்று ஷட்டர் மூடிப் படம் ஒரு நொடி உறைந்தால் பழுது இல்லை, சென்சார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.