சுருதி ஒன்றான பிறகு கேட்டவை: பாக், வைஸ் லூட் பதிவுகள்

பாக், அவர் காலத்து ஜெர்மன் லூட் கலைஞர் வைஸ் இருவரின் இசையை லூட் என்ற பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியத்திலும் கிட்டாரிலும் வாசித்த பதிவுகளை ஒப்பிட்டுத் தேர்ந்து வருகிறேன். பாக்கின் பிடபிள்யூவி (அவர் படைப்புகளின் பட்டியல் எண்) 998-க்கான ஒப்பீடு முடிந்துவிட்டது. பிரெலூடு, ஃபியூக், அலெக்ரோ என்ற அதன் மூன்று பகுதிகளுக்குமாக லூட்டில் இரண்டு பதிவு, கிட்டாரில் ஒன்று என்று தேர்வு நிலைத்தது. 995 மட்டும் மூன்று தடவை முடிவு மாறியது. பதிவுகளில் குறையில்லை, ஒப்பிட்ட முறையில்தான் பிழை. அதனால் முறையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

998-ல் ஒரு வசதி உண்டு. மூலம் ஈ ஃபிளாட் மேஜர். பரோக் லூட் (பாக் காலத்து வகை) வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஏ என்ற சுரத்தை 415 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். கிட்டார்காரர்கள் ஆறாவது தந்தியை டி-க்கு இறக்கி, டி மேஜரில், 440-ல் வாசிக்கிறார்கள். 415 என்பது 440-க்கு அரைச்சுரம் கீழே. ஆக அங்கே ஈ ஃபிளாட்டும் இங்கே டி-யும் காதில் ஒரே சுருதி. மாறுவது வாத்தியம், கை, அறை மட்டுமே.

995-ல் இது நடக்காது. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் பாக்கின் கையெழுத்துப் பிரதி ஜி மைனர். 415-ல் அது எஃப் ஷார்ப் மைனராகக் கேட்கும். கிட்டாரில் வழக்கம் ஏ மைனர், அதாவது மூன்று அரைச்சுரம் மேலே. 997-ல் கதை தலைகீழ்: மூலம் சி மைனர், 415-ல் பி மைனர், கிட்டாரில் ஏ மைனர், இரண்டு அரைச்சுரம் கீழே. ஒரே கிட்டார்காரரின் ஒரே தொகுப்பில் 995 பளிச்சென்றும் 997 மங்கலாகவும் தோன்றினால், அவர் கை மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாதிக் காரணம் சுருதி. “லூட்டுக்கே உரிய ஆழம்” என்று 995-ஐப் புகழ்வதிலும் பாதி இதுதான்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் நகர்த்தலாம். கிட்டார் 995-ஐ மூன்று அரைச்சுரம் இறக்கி, 997-ஐ இரண்டு ஏற்றி, முப்பது விநாடித் துண்டுகளாக லூட்டோடு மாற்றி மாற்றிக் கேட்டால் போதும். நகர்த்தும்போது ஒவ்வொரு மீட்டலின் தொடக்க முனையும் கொஞ்சம் மழுங்கும். அதனால் நடை, தாளம், பாஸ் இவற்றுக்கு மட்டும் நகர்த்திய துண்டு. நாதத்தை எடைபோட அசல் கோப்புக்கே திரும்ப வேண்டும். நகர்த்துவதற்கு முன் லூட் பதிவின் முதல் நீண்ட கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரங்களை) ட்யூனர் ஆப்பில் பார்த்துவிடுங்கள். ஏனென்றால் 13 ஜோடி லூட்டின் (சேர்த்து மீட்டும் தந்திகள் ஒரு ஜோடி) அடித்தந்தி ஏ வரைதான் போகும், 995 அதற்கும் கீழே ஜி கேட்கிறது. சிலர் அடித்தந்தியை ஜி-க்குத் தளர்த்துகிறார்கள், சிலர் அந்தச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே எடுக்கிறார்கள், சிலர் முழுவதையும் ஏ மைனருக்கே ஏற்றிவிடுகிறார்கள். ஏற்றியவர்களோடு ஒப்பிடும்போது கிட்டாரை ஒரே ஒரு அரைச்சுரம் இறக்கினால் போதும். இதைப் பார்க்காமல் மூன்று இறக்கியதில்தான் முதல் இரண்டு சுற்றும் வீண்.

ஒலியளவும் அப்படித்தான். ஸ்ட்ரீமிங்கில் ஒலியைச் சமப்படுத்தும் வசதி ஒப்பீட்டுக்குக் கைகொடுக்கும், ஆனால் அது லூட்டைக் கிட்டார் அளவுக்குத் தூக்கிவிடும். தூக்கினால் விரல் உரசுவதும் வாசிப்பவரின் மூச்சும் முன்னால் வந்து நிற்கும். கடைசிச் சுற்றில் லூட்டின் ஒலியைக் குறைத்து, அறை அமைதியாக இருக்கும் நேரத்தில் கேளுங்கள். அப்போது பிடித்ததுதான் தங்கும்.

எல்லாம் சமமான பிறகு ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து பிரிப்பது பாஸ் தந்தியை அடக்கும் விதம். 13 ஜோடி லூட்டில் மொத்தம் 24 தந்தி: முதல் இரண்டும் ஒற்றை, மற்ற பதினொன்றும் ஜோடி. கீழ் ஜோடிகளில் தடித்த தந்தியோடு ஒரு ஸ்தாயி மேலே மெல்லிய தந்தியும் உண்டு. ஏழிலிருந்து கீழே உள்ளவை பெரும்பாலும் மெட்டில் அழுத்தாமல் அப்படியே மீட்டப்படுபவை, விட்டால் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். வைஸின் டி மேஜர் பாஸகாலியாவில் பாஸ் டி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு இறங்கும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கட்டைவிரல் சி ஷார்ப்பை மீட்டியதும் டி ஜோடியைத் தொட்டு அமர்த்த வேண்டும், இரண்டு தந்தியையும் சேர்த்து. மெல்லியது தப்பிவிட்டால் மேலே ஓர் அரைச்சுர உரசல் பனிமூட்டம் மாதிரி நிற்கும். பலர் அதைத் தேவாலய எதிரொலி என்று நினைத்துவிடுகிறார்கள். எதிரொலியில் எல்லாச் சுரமும் சேர்ந்து தேயும், அடக்காத தந்தியோ ஒரே சுரமாக நிற்கும். இந்த வித்தியாசம் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் மறக்காது.

தந்தி எதனாலானது என்பதும் இதோடு சேர்ந்தது. நைலான் மேல் உலோகம் சுற்றிய பாஸ் நீண்டு ஒலிக்கும், அடக்குவது கடினம். குடல் நரம்பு தானே சீக்கிரம் ஓய்ந்துவிடும். கூரந்த், ஜீக் போன்ற நடன ஓட்டங்களுக்கு எனக்குக் குடல் நரம்புதான். ஆனால் வைஸ் 1721-ல் லோகி பிரபுவின் மறைவுக்கு எழுதிய பி ஃபிளாட் மைனர் இரங்கல் இசைக்கு நீண்ட பாஸ் வேண்டும். ஒரே வைஸ் பதிவு இரண்டுக்கும் போதும் என்று தேடுவது வீண் வேலை.

வைஸுக்கு அடித்தளமாக நாக்ஸோஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் பார்ட்டோ வாசித்த வரிசை. விலைக்கு இதைவிட நிறைவாக எதுவும் இல்லை. நாதத்துக்கு, பிஸ் நிறுவனத்துக்காக யாகோப் லிண்ட்பெர்க் வாசித்தது. ஏறத்தாழ 1590-ல் ஆக்ஸ்பர்க்கில் ஸிக்ஸ்டஸ் ரௌவோல்ஃப் செய்த அசல் லூட் அது. பாக்கில் ஹாப்கின்சன் ஸ்மித், நைஜல் நார்த் இருவரும் வயலின் தனிப்படைப்புகளையும் லூட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நார்த்தின் பாஸ் அளவோடு நிற்கும், ஸ்மித்தின் நடையில் பேச்சு இருக்கும். கிட்டாரையும் லூட்டையும் நேருக்கு நேர் வைக்க நார்ஸிஸோ யேப்பெஸ் நல்ல பாடம்: பாக்கின் லூட் படைப்புகளைப் பரோக் லூட்டிலும் பத்துத்தந்திக் கிட்டாரிலும் தனித்தனியே பதிவு செய்தவர். கை ஒன்றே என்பதால் வாத்தியம் மட்டும் தெரியும்.

பழைய கிட்டார் தட்டுகளில் “வைஸ், ஏ மைனர் தொகுப்பு” என்று இருந்தால் வைஸ் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது மெக்ஸிகோவின் மனுவேல் போன்ஸே, கிட்டார் கலைஞர் செகோவியாவுக்காக வைஸ் பெயரில் எழுதியது. அழகான இசை, போன்ஸே வரிசையில் வையுங்கள்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. புக்லெட் பிடிஎஃப் தராத கடையில் இந்த வகை இசையைக் கோப்பாக வாங்க வேண்டாம். வாத்தியம் செய்தவர், சுருதி, தந்தி மூன்றும் அங்கேதான் கிடைக்கும். பழைய சிடி என்றால் உள்ளே புக்லெட் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பரோக் கிட்டார் இன்னும் பாதியில் நிற்கிறது. ஐந்து ஜோடி, அதில் நான்காவது ஐந்தாவது ஜோடிகளுக்குக் கீழ் ஸ்தாயித் தந்தி போடுவதா வேண்டாமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்பெயின் கிட்டார் கலைஞர் காஸ்பார் சான்ஸ் 1674-ல் வெளியிட்ட நூலிலேயே, காம்பனேலா வாசிக்க மெல்லிய தந்தி மட்டும் நல்லது என்கிறார், தாள மீட்டலுக்குத் தடித்த தந்தியும் ஆகும் என்கிறார். காம்பனேலாவில் ஒவ்வொரு சுரமும் வேறு வேறு தந்தியில் விழுந்து, கோயில் மணிக்கொத்துபோல் ஒன்றின்மேல் ஒன்று ஒலிக்க வேண்டும். ஐந்தாவது ஜோடியில் தடித்த ஏ இருந்து, வாசிப்பவர் அதையும் சேர்த்து மீட்டினால் ஓடும் வரிசையின் நடுவே “தொம்” என்று ஒரு சுரம் கீழே குதிக்கும். ஆறு தந்தி கிட்டாரில் அதே விரல்வழியை வைத்துக்கொண்டால் இது தவிர்க்க முடியாதது. சான்ஸின் கனாரியோஸ் என்ற நடன இசையை அந்தக் கிட்டாரில் கேட்டுப் பழகியவர்களுக்கு மெல்லிய தந்தி மட்டும் போட்ட பதிவு முதலில் யுகுலேலே மாதிரி இருக்கும். இரண்டு நாள் பொறுங்கள்.

சிக்கல் என்னவென்றால் பல புக்லெட்டுகளில் தந்தி அமைப்பு எழுதப்படவே இல்லை. வேறு வழியில்லாமல், ஐந்தாவது ஜோடி தனியாக மீட்டப்படும் இடத்தைத் தேடி ட்யூனரில் பார்க்கிறேன். 415-ல் 104 ஹெர்ட்ஸ் பக்கம் ஏதாவது தெரிந்தால் தடித்த தந்தி உண்டு, 207-ல் மட்டும் நின்றால் இல்லை. இதற்குள் தெயோர்போ என்ற நீண்ட கழுத்து லூட்டுக்கு ரொபேர் த விஸே, காப்ஸ்பெர்கர் எழுதியவை என்று அடுத்த கட்டு வந்துசேர்ந்துவிட்டது. அதிலும் முதல் இரண்டு ஜோடி ஒரு ஸ்தாயி கீழே இறங்கியிருப்பதால் ட்யூனர் வேலை திரும்ப முதலிலிருந்து.