ஆறு புளியங்கொட்டை

ஆறு மாதமாகச் சனிக்கிழமை மாலைகளில் அசோக் நகரில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு ஆர்பிஜி ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நடத்தும் ரோல்-பிளேயிங் கேம். கதை நடப்பது 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில் மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிய நேரம். ஜார்ஜ் டவுனில் பூட்டிய கடைகள், ஆளில்லாத குடோன்கள். துப்பாக்கிச் சண்டைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. விதிகளை நானே எழுதினேன்.

முதல் சண்டை தம்பு செட்டித் தெருவில், ஒரு குடோனுக்குள். பகடையில் விழுந்த எண்ணிலிருந்து தூரத்துக்கு ஒரு கழித்தல், இருட்டுக்கு ஒன்று, ஓடிக்கொண்டே சுட்டால் இன்னொன்று, குண்டு பட்டால் உடம்பில் எங்கே என்று பார்க்க ஓர் அட்டவணை, பிறகு காயம் எவ்வளவு ஆழம் என்று இன்னொரு அட்டவணை. கதையில் அரை நிமிடம்கூட ஆகாத சண்டை கடிகாரத்தில் ஒரு மணி பத்து நிமிடம் ஓடியது. நான் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தபோது இருப்பதிலேயே சின்னப் பையன் கேட்டான்: "அண்ணா, நான் செத்துட்டேனா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. யதார்த்தம் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தப்பில்லை, அதைத் தேடிய இடம்தான் தப்பு. சுடப்படுகிறவனுக்கு எந்த விலா எலும்பில் பட்டது என்பதா முக்கியம்? ஒதுங்கச் சுவர் எங்கே, துப்பாக்கியில் இன்னும் எத்தனை குண்டு, இப்போது தலையைத் தூக்கலாமா கூடாதா, இந்த மூன்றும்தானே அவன் மனசில் இருக்கும். விதிகளும் அந்த மூன்றைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அட்டவணைகளைத் தூக்கி எறிந்தேன். இப்போது இரண்டு பகடை, ஒரே உருட்டல். வெட்டவெளியில் நிற்பவனைச் சுட இரண்டும் சேர்ந்து ஏழோ அதற்கு மேலோ விழுந்தால் போதும், 36-க்கு 21 வாய்ப்பு. தூணுக்குப் பின்னால் இருந்தால் ஒன்பதாவது வேண்டும், வாய்ப்பு 10 ஆகிவிடுகிறது. இந்த ஒரு வித்தியாசமே எல்லாரையும் தூணைத் தேடி ஓட வைக்கிறது, அதற்குத் தனியாக எந்த விதியும் எழுத வேண்டியதில்லை. காயம் மூன்றே நிலை: உரசல், படுகாயம், சாவு. உங்கள் பக்கம் யாராவது சுட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் தூக்கும் முன் துணிச்சலுக்கு ஒரு உருட்டல். தோற்றால் அந்த டர்ன் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும்.

டர்ன் எவ்வளவு நேரம் என்பதில்தான் நிறையச் சண்டை போட்டோம். ஜர்ப்ஸ் என்ற ஆர்பிஜியில் ஒரு டர்ன் ஒரே விநாடி, இன்னொரு ஆர்பிஜியான டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்டு சுமார் ஆறு விநாடி. ஒரு விநாடி வைத்தால் துப்பாக்கியில் குண்டு போடுகிறவன் பல டர்ன் சும்மா உட்கார வேண்டும், ரொம்பக் கொடுமை. குனிந்து அடுத்த தூணுக்கு ஓடும் நேரம்தான் ஒரு டர்ன் என்று கடைசியில் முடிவானது.

அப்புறம் புளியங்கொட்டை. வெப்லி ரிவால்வர் வைத்திருப்பவர் முன்னால் ஆறு கொட்டை, ஒவ்வொரு சுடுதலுக்கும் ஒன்றை மேசை நடுவே தள்ள வேண்டும். வெப்லியை மடக்கித் திறந்தால் ஆறு தோட்டாவும் ஒன்றாக வெளியே வந்துவிடும், காலி, நிஜம் எல்லாம் சேர்த்துத்தான். அதனால் பாதியில் ரீலோட் செய்ய நினைப்பவர் மிச்சக் கொட்டையையும் தள்ளிவிட வேண்டும். லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் பத்து கொட்டை, ஐந்தைந்தாகக் கிளிப்பில் ஏறும் என்பதால் ஒரு டர்னுக்கு ஐந்து திரும்ப வரும். யாரும் பேப்பரில் எதையும் அடித்து எழுதுவதில்லை, ஆனால் போன வாரம் ஒருவர் தன் கடைசிக் கொட்டையை விரலால் அழுத்திப் பிடித்தபடி, சுடவா வேண்டாமா என்று யோசித்தபோது ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தச் சண்டை மொத்தம் இருபது நிமிடம்.

பிரென் கன் என்ற இயந்திரத் துப்பாக்கிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. முப்பது குண்டு மேகசினுக்கு முப்பது கொட்டையை ஒவ்வொன்றாகத் தள்ளினால் பழைய கதைதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கை அள்ளி நடுவே போடட்டும், வந்தவரைக்கும் போன குண்டு என்று வைத்து இந்தச் சனிக்கிழமை பார்க்கப்போகிறேன்.