‘இற்’ நிற்கும் இடம்

மாலையில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வருகிறவர்கள் அநேகமாக வேலைக்குப் போகிறவர்கள். யாழ்ப்பாண நகரத்து வங்கிகளில் கவுண்டரில் இருப்பவர்கள், ஹோட்டல் வரவேற்பில் நிற்பவர்கள், வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் தாதியர். காலங்களைக் கேட்டால் தடங்கலில்லாமல் சொல்வார்கள். செயப்பாட்டு வினையும் நன்றாக எழுதுவார்கள். ‘இற்’ (it), ‘மீ’ (me), ‘ஹிம்’ (him) என்ற சின்னஞ்சிறு சொற்களை வினைக்குப் பக்கத்தில் எங்கே வைப்பது என்று வந்தால்தான் தடுமாற்றம்.

‘பிக் அப் த ஃபைல்’ என்பார்கள்; சரி. ‘ஃபைல்’ என்பதை எடுத்துவிட்டு ‘இற்’ போடச் சொன்னால் ‘பிக் அப் இற்’ என்று வந்துவிடும். ‘பிக் இற் அப்’ என்றுதான் வரவேண்டும். பெயர்ச்சொல் என்றால் ‘அப்’ அதற்கு முன்னும் நிற்கலாம், பின்னும் நிற்கலாம். ‘இற்’ போன்ற பிரதிப்பெயருக்கு அந்தச் சலுகை இல்லை, நடுவில்தான் நிற்கவேண்டும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ‘அதை எடு’, ‘எடு அதை’ எப்படிச் சொன்னாலும் தமிழில் பொருள் மாறாது. ‘ஐ’ உருபு சொல்லோடேயே ஒட்டிக்கொண்டு போவதால் சொல் எங்கே போய் நின்றாலும் அதன் வேலை தெரிந்துவிடும். ஆங்கிலத்து ‘இற்’ எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் ஒரே உருவில் இருக்கும். உருபு செய்யும் வேலையை அங்கே இடம் செய்கிறது. வேற்றுமையை இவ்வளவு நுணுக்கமாகக் கையாளும் மொழியில் வளர்ந்தவர்களுக்கு, இடத்தை நம்பிப் பேசுவது பழக நாளெடுக்கும்.

உருபுகளை அப்படியே கொண்டுபோய் ஆங்கிலத்தில் இறக்குவதும் உண்டு. ‘என்னட்டைக் கேளுங்கோ’ என்பது ‘ஆஸ்க் ஃப்ரொம் மீ’ ஆகும். ‘ஆஸ்க் மீ’ போதும். ‘அதைப் பற்றிக் கதைத்தோம்’ என்பது ‘டிஸ்கஸ் அபவுற் இற்’ ஆகும்; ‘ரோக்’ என்ற வினைக்குத்தான் ‘அபவுற்’ வேண்டும், ‘டிஸ்கஸ்’ நேரே ‘இற்’றை எடுத்துக்கொள்ளும். ‘எனக்கு விளங்கப்படுத்துங்கோ’ என்பது ‘எக்ஸ்பிளெயின் மீ’ ஆகும். ‘கிவ் மீ’, ‘ரெல் மீ’, ‘ஷோ மீ’ எல்லாம் சரியாக இருக்க இது மட்டும் ஏன் பிழை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எக்ஸ்பிளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ற் போன்று லத்தீன் வழியாக வந்த வினைகளில் பெரும்பாலானவை ஆளுக்கு முன்னால் ‘ரு’ (to) கேட்கும்: ‘எக்ஸ்பிளெயின் இற் ரு மீ’.

தாதியரோடு பயிற்சி செய்யும்போதுதான் இந்த விஷயம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். ஒரு தங்கச்சி நோயாளியாக உட்கார, மற்றவ பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஐ ஆம் கோயிங் ரு புற் ஓன் இற்’ என்றா. ‘புற் இற் ஓன்’ என்று திருத்தினேன். உடனே கேட்டா: “ஓன் முன்னுக்கு வந்தால் என்ன ரீச்சர், அவைக்கு விளங்கும்தானே?”

விளங்கும்தான். ஆனால் அந்த வாக்கியத்தை நோயாளியின் பக்கத்திலிருந்து கேட்டுப் பார்க்கச் சொன்னேன். பட்டி இருவர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. ‘இற்’ என்ற சொல்லில் புதுச் செய்தி எதுவும் இல்லை. கட்டப் போகிறாரா கழற்றப் போகிறாரா என்பதுதான் நோயாளி அறியவேண்டியது. அதைச் சொல்வது ‘ஓன்’, ‘ஓஃப்’ என்ற சொற்கள். ஆங்கிலம் தெரிந்ததை நடுவில் ஒதுக்கி, தெரியவேண்டியதைக் கடைசியில் அழுத்திச் சொல்லும். ‘புற் இற் ஓன்’, ‘ரேக் இற் ஓஃப்’, சட்டைக் கையை மடிக்க ‘ரோல் இற் அப்’. மூன்றிலும் அழுத்தம் கடைசிச் சொல்லில். காது மந்தமான ஒரு முதியவருக்கு நடுச்சொல் கேட்காமல் போனாலும் கடைசிச் சொல் போய்ச் சேரும். இதைச் சொன்ன பிறகு அவ சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தா. விதியாகச் சொன்னபோது நிற்காதது, கை வேலையோடு சேர்ந்தபோது நின்றது.

ஒலியைப் பழக்க எனக்கு உதவுவது நன்னூல். ‘உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே’ என்ற சூத்திரம் பள்ளியில் படித்தவர்களுக்கு மறந்திருக்காது. ‘பிக்’ மேல் ‘இற்’ வந்து ஒன்றும், அதன்மேல் ‘அப்’ வந்து ஒன்றும்: ‘பிக்கிற்றப்’. ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிய நாக்குக்குப் பிறகு ‘பிக் அப் இற்’ என்று சொல்ல வராது. அதனால்தான் வினைகளைத் தமிழ்ப் பொருளோடு நிரல் நிரலாக அச்சடித்து விற்கும் குறிப்புப் புத்தகங்களை நான் வகுப்பில் சேர்ப்பதில்லை. ‘பிக் அப்: எடு’ என்று மனனம் செய்தால் ‘இற்’ நிற்கவேண்டிய இடம் அதில் எங்கே இருக்கிறது? வினையை ‘இற்’றோடு சேர்த்தே கொடுக்கவேண்டும்.

எல்லா வினையும் ‘பிக் அப்’ போல நடக்காது என்பதையும் சொல்லவேண்டும். ‘ஃபில் இன் த ஃபோம்’ என்பதை ‘ஃபில் த ஃபோம் இன்’ என்றும் மாற்றலாம். ஆகவே ‘ஃபில் இற் இன்’. ‘லுக் இன்ரு த மற்றர்’ என்பதை அப்படி மாற்ற முடியாது. அங்கே ‘இன்ரு’ முன்னிடைச்சொல், அதாவது பெயருக்கு முன்னால் நிற்கும் சொல். பிரதிப்பெயர் அதற்குப் பின்னால்தான் வரும்: ‘லுக் இன்ரு இற்’. வங்கியில் வேலை செய்யும் தம்பிக்கு நான் கொடுத்த வாக்கியம், ‘ஐ வில் லுக் இன்ரு இற் அன்ட் கோல் யூ பாக்’. ‘இற்’ பின்னால், ‘யூ’ நடுவில். தொலைபேசி எடுக்கும் எவருக்கும் தினமும் தேவைப்படுவது இது.

எங்கள் ஊரில் ஆங்கிலம் புதிதில்லை. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தார்கள். அவர்களுடைய உயர்கல்விக் கூடமான வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கியது. ஆனால் நாங்கள் போற்றி வளர்த்தது கடித ஆங்கிலம் என்றே நினைக்கிறேன். ‘றிற்றேர்ண்’, ‘கொம்பிளீற்’, ‘இன்வெஸ்ரிகேற்’ என்று எழுதுவதில் எங்கள் பெரியவர்கள் வல்லவர்கள். அதே பொருளில் ‘சென்ட் இற் பாக்’, ‘ஃபில் இற் இன்’, ‘லுக் இன்ரு இற்’ என்று பேசுவதை ஏதோ தரம் குறைந்ததாகப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இது எனக்குக் கவலை. ஆங்கிலேயர் வீட்டிலும் வேலையிடத்திலும் பேசுவது இந்தச் சிறு வினைகளைத்தான். சாமுவேல் ஜோன்சன் 1755இல் தன் அகராதியின் முன்னுரையில், வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அந்நியருக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவைத்தார். மனம் சோர்ந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

இப்போது மூன்று சொல் வினைகளுக்கு வந்திருக்கிறோம். அவரைப் பொறுத்துக்கொள்வதைச் சொல்லும் ‘புற் அப் வித் ஹிம்’ என்பதில் கடைசியில் நிற்கும் ‘வித்’ முன்னிடைச்சொல் என்பதால் ‘ஹிம்’ அதற்குப் பிறகுதான். ஒருவர் முன்வந்து தருவதை ஏற்றுக்கொள்வதைச் சொல்லும் ‘ரேக் ஹிம் அப் ஓன் இற்’ என்பதில் இரண்டு பிரதிப்பெயர்கள். ஒன்று நடுவிலும் மற்றது கடைசியிலும் ஏன் நிற்கின்றன என்று எழுதிக்கொண்டு வாருங்கோ என்று வியாழக்கிழமை வகுப்புக்குக் கொடுத்திருக்கிறேன்.