வால்ட்ஸ் வகுப்பில் நாங்கள்

வால்ட்ஸ் என்பது ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடனம். தாளத்தில் சுற்றுக்கு மூன்று தட்டுதான். முதல் தட்டில் அழுத்தம். எண்ணுவது எளிது. எண்ணிக்கொண்டே கணவரை நம்பிப் பின்னோக்கி நடப்பதுதான் பெரும்பாடு! அவர் இடது காலை முன்னே வைத்தால், நான் வலது காலைப் பின்னே எடுக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாதாம். என் தோள்பட்டை எலும்பின் மேல் பதிந்திருக்கும் அவருடைய வலது உள்ளங்கையும் உடம்பு சாயும் திசையுமே வழி சொல்ல வேண்டும். குனிந்து காலைப் பார்க்காதீர்கள் என்கிறார் ஆசிரியர். மிதிபடுவது அவர் கால் இல்லையே!

எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் அரங்கைச் சுற்ற வேண்டும். மூலை வந்தாலே இவருக்கு மூச்சு நின்றுவிடுகிறது. வியன்னா வால்ட்ஸ் ஏறக்குறைய இரு மடங்கு வேகம். அதற்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.